டை ஊசியும் தட்டணுவும்: ஸ்டென்ட் வைத்தவர் ஸ்கேனுக்காக மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: "அப்பாவுக்கு வயசு 63. கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டம், மஞ்சளும் வாழையும். அஞ்சு மாசத்துக்கு முன்னால ஹார்ட் அட்டாக் வந்து கோயமுத்தூர்ல ரெண்டு ஸ்டென்ட் வெச்சாங்க. ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரெல் 75, கொழுப்பு மாத்திரை, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடறார். போன வாரம் வலியே இல்லாம சிறுநீர்ல ரத்தம் போச்சுங்க. யூராலஜி டாக்டர் டை போட்டு சி.டி. யூரோகிராம் எடுக்கச் சொல்லியிருக்கார். பெரியப்பா, 'டை போட்டா ரத்தம் தண்ணியாயிரும், ஏற்கனவே ரத்தம் போயிட்டிருக்குது, மாத்திரைய நிறுத்திப்போட்டுப் போங்க'ங்கறார். மாமா, 'டை ரத்தத்தைக் கட்டியாக்கிப்போடும், ஸ்டென்ட் அடைச்சுக்கும், ஸ்கேனே வேண்டாம்'ங்கறார். ஸ்கேனுக்கு முன்னால எடுத்த டெஸ்ட்ல தட்டணு (பிளேட்லெட்) 88,000. அட்டாக் வந்தப்ப 2.3 லட்சம் இருந்துது. ஆஞ்சியோவுக்குப் போட்ட டைதான் தட்டணுவைக் கொன்னுபோட்டுதோன்னு பயமா இருக்குது. கிரியாட்டினின் 1.1. டைக்குப் பதிலா எம்.ஆர்.ஐ. எடுக்கலாங்களா? வர்ற வெள்ளிக்கிழமை ஸ்கேன். என்ன பண்ணட்டுங்க?"

பதில்:

வெள்ளிக்கிழமைக்குச் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், அம்மணி. ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெல்லையும் ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். ஸ்கேனைத் தள்ளிப் போடவும் வேண்டாம். தட்டணு 88,000 என்ற எண்ணை மட்டும் அதற்குள் மறுபடி சரிபார்த்துவிடுங்கள். அது பொய்க் கணக்காக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எப்படிச் சரிபார்ப்பது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

உங்கள் பெரியப்பாவும் மாமாவும் சொல்வது ஒன்றுக்கொன்று நேர் எதிராகத் தெரிகிறது. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று தெரிந்தால் பயம் தானாக விலகும்.

நாம் 'டை' என்று சொல்லிப் பழகிவிட்டோம். மருத்துவத்தில் அதன் பெயர் கான்ட்ராஸ்ட் மருந்து. உண்மையில் அதில் சாயம் எதுவும் இல்லை. தண்ணீரைப் போல நிறமில்லாத, கொஞ்சம் பிசுபிசுப்பான அயோடின் திரவம் அது. ஒரு பென்சீன் வளையத்தில் மூன்று அயோடின் அணுக்களைக் கட்டி வைத்திருப்பார்கள். அயோடின் எக்ஸ்ரேயைத் தடுப்பதால் அது போகும் இடமெல்லாம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். இதை நினைவில் வையுங்கள்: ஸ்கேன் முடிந்து வீட்டுக்கு வந்தபின் சிறுநீர் சிவப்பாகப் போனால் அது டையின் நிறம் அல்ல, ரத்தம்தான். "டை வெளியே வருது" என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

இந்த மருந்துகளில் பழைய தலைமுறை, புதிய தலைமுறை என்று உண்டு. பழையவை அயனி வகை, அதாவது கரைந்ததும் மின்னேற்றமுள்ள துகள்களாகப் பிரிபவை. ரத்தத்தில் கரைந்திருக்கும் துகள்களின் அடர்த்தி கிலோவுக்குச் சுமார் 290 மில்லி ஆஸ்மோல் என்றால், இவற்றில் பலவற்றின் அடர்த்தி 1,500-க்கும் மேல். அவ்வளவு அடர்த்தியான திரவம் உள்ளே போனால் செல்களிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். உடம்பு எரியும், வாந்தி வரும், ஒவ்வாமையும் அதிகம். அயனி இல்லாத புதிய வகைகள் வந்தபின் நிலைமை மாறியது. ஜப்பானில் 3,37,647 பேரை வைத்துச் செய்து 1990-இல் வெளியான ஆய்வில், அயனி வகை போட்டவர்களில் 12.66 சதவீதம் பேருக்குப் பக்கவிளைவு வந்தது. அயனியற்ற வகையில் 3.13 சதவீதம்தான். கடுமையான விளைவு 0.22-இலிருந்து 0.04 சதவீதமாக இறங்கியது. இன்று கோவையிலும் ஈரோட்டிலும் சி.டி.க்குக் கையில் ஏற்றுவது அயோஹெக்சால், அயோபுரோமைடு போன்ற அயனியற்ற மருந்துகளைத்தான். அடர்த்தி ஏறத்தாழ 600 முதல் 850 வரை. ரத்தத்துக்குச் சமமாக 290-இலேயே இருக்கும் அயோடிக்சனால் என்ற மருந்தும் உண்டு. அதற்கு விலை கூடுதல். பிசுபிசுப்பும் கூடுதல் என்பதால் 37 டிகிரிக்குச் சூடாக்கித்தான் ஏற்றுவார்கள்.

இனி தட்டணு. ரத்தக்குழாயில் கீறல் விழுந்தால் இரண்டு வேலை நடக்கிறது. தட்டணுக்கள் ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பது ஒன்று. ரத்தத்தில் கரைந்திருக்கும் புரதங்கள் நூலாகத் திரண்டு வலை பின்னி, அந்த அடைப்பை இறுக்கிக் கட்டுவது இன்னொன்று. கான்ட்ராஸ்ட் மருந்து இந்த இரண்டையும் வெவ்வேறு விதமாகத் தொடுகிறது.

சோதனைக் குழாயில் ரத்தத்தையும் கான்ட்ராஸ்டையும் கலந்து பார்த்தால், எந்த வகையாக இருந்தாலும் நூல் திரள்வது தாமதமாகிறது. அயனி வகையில் இந்தத் தடை பலமாக இருக்கும், அயனியற்றதில் குறைவு. பெரியப்பா சொல்லும் "தண்ணியாயிரும்" இதுதான். அதே சோதனைக் குழாயில் அயனியற்ற மருந்து தட்டணுவைச் சீண்டவும் செய்கிறது. தட்டணுவுக்குள் சின்னச் சின்னப் பைகள் உண்டு. அவற்றில் ஏ.டி.பி., செரட்டோனின் போன்ற பொருட்கள் அடைபட்டிருக்கும். மருந்து பட்டதும் சில தட்டணுக்கள் அந்தப் பைகளை உடைத்து வெளியே கொட்டிவிடுகின்றன. கொட்டிய ஏ.டி.பி. பக்கத்துத் தட்டணுவைக் கூப்பிடும் குரல் மாதிரி. மாமா சொல்லும் "கட்டியாக்கிப்போடும்" இங்கிருந்து வருகிறது. இந்தச் சீண்டல் அயோஹெக்சால் போன்றவற்றில் தெரிகிறது. அயோடிக்சனாலில் மிகக் குறைவு.

இது வெறும் ஆய்வகச் சங்கதி என்று ஒதுக்கிவிட முடியாது. 1987-இல் ஆஞ்சியோகிராம் செய்யும் சிரிஞ்சுக்குள்ளேயே ரத்தம் கட்டியதாக மருத்துவ இதழில் அறிக்கை வந்தது. அயனியற்ற மருந்து இருந்த சிரிஞ்சில் கொஞ்சம் ரத்தம் பின்னோக்கி வந்து கலந்து, அப்படியே நின்றதுதான் காரணம். அயனி வகை காலத்தில் மருந்தே உறைவைத் தடுத்ததால் இந்தக் கவனக்குறைவு மறைந்து போயிருந்தது. மருந்து மாறியதும் வெளியே வந்துவிட்டது. அன்றிலிருந்து இந்த மருந்துகளின் பெட்டியோடு வரும் தாளில் எச்சரிக்கை இருக்கிறது: சிரிஞ்சிலும் கதீட்டரிலும் (ரத்தக்குழாய்க்குள் விடும் மெல்லிய குழாய்) ரத்தத்தோடு மருந்தைக் கலந்து நிற்க விடாதே என்று. ஆஞ்சியோ செய்யும் கேத் லேபில் ஹெப்பாரின் என்ற உறைவுத் தடுப்பு மருந்து கலந்த சலைனால் அடிக்கடி கதீட்டரைக் கழுவுவதும், ரத்தம் ஏறிய சிரிஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது எடுப்பதும், ஸ்டென்ட் வைக்கும்போது எடைக்கு ஏற்ப ஹெப்பாரின் கொடுத்து ரத்தம் உறையும் நேரத்தை அங்கேயே அளந்து பார்ப்பதும் இதற்காகத்தான். மருந்தின் வகையைவிடக் கைச் சுத்தமும் வேகமும்தான் அங்கே உயிர் காக்கிறது.

ஸ்டென்ட் வைக்கும்போது எந்த வகை நல்லது என்று நோயாளிகளிடமே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அயோடிக்சனாலையும் அயனி வகையான அயோக்சாக்லேட்டையும் வைத்து 2000-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் இதயச் சிக்கல்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதே ஆண்டில் வெளியான இன்னொன்றில், ஆபத்து அதிகமுள்ள நோயாளிகளில், மருத்துவமனையில் இருக்கும்போதே வந்த சிக்கல் அயோடிக்சனாலில் 5.4 சதவீதம், அயோக்சாக்லேட்டில் 9.5 சதவீதம். சோதனைக் குழாயில் உறைவை நன்றாகத் தடுத்த அயனி வகை, மனித உடம்பில் ஜெயிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். குழாயில் பார்ப்பதை அப்படியே உடம்புக்குப் பொருத்தினால் கணக்கு தப்பும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

இதெல்லாம் இதய ரத்தக்குழாய்க்குள் நேரே மருந்தைப் பாய்ச்சும்போது. அங்கே ஒவ்வொரு முறையும் 5 முதல் 8 மில்லி, கலப்பில்லாமல், ஓரிரு வினாடிகள் ரத்தத்தையே தள்ளிவிட்டு நிற்கிறது. அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை நடக்கப்போவது அது அல்ல. முழங்கை மடிப்பில் இருக்கும் நரம்பில், அதாவது சிரையில், ஊசி. அளவு 80 முதல் 100 மில்லி. அப்பா 60 கிலோ என்று வைத்துக்கொண்டால் உடம்பில் ரத்தம் சுமார் 4.2 லிட்டர். 100 மில்லியை அதில் கலந்தால் நூற்றுக்கு இரண்டரைகூட வராது. அதுவும் நிற்பதில்லை, சில நிமிடங்களிலேயே பெரும்பகுதி ரத்தக்குழாயை விட்டுத் திசுக்களுக்குப் பரவி, சிறுநீரகம் வழியாக வெளியேறத் தொடங்கும். சிறுநீரகம் நன்றாக இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியாகும். காலை 10 மணிக்குப் போட்டது மாலை 6 மணிக்குப் பதினாறில் ஒரு பங்கு. மறுநாள் காலையில் ஏறத்தாழ ஒன்றும் இருக்காது. சோதனைக் குழாயில் தட்டணுவைச் சீண்டிய அளவு இதைவிடப் பல மடங்கு. இந்த அளவில் சிறுநீர் ரத்தப்போக்கு கூடாது, ஸ்டென்டும் அடைக்காது.

இப்போது மாத்திரையின் பக்கம் வாருங்கள். தட்டணு கூப்பிடும் குரலைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அந்த ஏ.டி.பி. குரல் பக்கத்துத் தட்டணுவின் காதில் விழாமல் அடைப்பதுதான் குளோபிடோக்ரெல்லின் வேலை. ஆஸ்பிரின், திராம்பாக்சேன் என்ற இன்னொரு குரலை வாயிலேயே அடைக்கிறது. ஒருவேளை டை ஒன்றிரண்டு தட்டணுக்களைச் சீண்டினாலும், அது பரவாமல் காவல் நிற்பவை இந்த இரண்டு மாத்திரைகள்தான். டைக்குப் பயந்து அவற்றை நிறுத்துவது, காவலாளியை அனுப்பிவிட்டு விடிய விடிய வாசலைத் திறந்து வைப்பதற்குச் சமம்.

இரண்டு நாள் நிறுத்தினால் பெரியப்பா நினைக்கும் பலனும் கிடைக்காது. இரண்டு மாத்திரையுமே தான் தொட்ட தட்டணுவை அதன் ஆயுள் முடியும்வரை முடக்கிவிடும். தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாள். எலும்பு மஜ்ஜை தினமும் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் புதிது விடும். இரண்டு நாளில் சிறுநீர் ரத்தம் நிற்கும் அளவுக்கு எதுவும் மாறாது. ஸ்டென்டின் பாதுகாப்பு மட்டும் குறையத் தொடங்கும். மாரடைப்புக்காக ஸ்டென்ட் வைத்தவருக்கு இரண்டு மாத்திரையும் சேர்ந்து பொதுவாக ஒரு வருடம். அப்பா இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை. ஸ்டென்ட் திடீரென்று அடைத்தால் அது மீண்டும் ஒரு பெரிய மாரடைப்பு, உயிருக்கே ஆபத்து. இதில் மாற்றம் தேவைப்பட்டால் அதைச் சொல்ல வேண்டியவர் ஸ்டென்ட் வைத்த இதய மருத்துவர். ஸ்கேன் மையமோ உறவினரோ அல்ல.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. ஸ்கேன் மையத்தில் தரும் சீட்டில் "48 மணி நேரம் மாத்திரை நிறுத்தவும்" என்று எழுதியிருப்பார்கள். அது மெட்ஃபார்மினுக்காக எழுதியது. சிறுநீரகம் கெட்டிருப்பவருக்கு டையால் அது இன்னும் தடுமாறினால் மெட்ஃபார்மின் உடம்பில் தேங்கி ரத்தத்தில் அமிலம் கூடும் என்பதால் அப்படி ஒரு விதி. வீட்டில் அதைப் படித்துவிட்டு மாத்திரை டப்பாவையே மூடி வைத்துவிடுகிறார்கள். அப்பாவின் கிரியாட்டினின் 1.1, வயதோடு கணக்கிட்டால் சிறுநீரக வடிகட்டும் திறன் 70-க்கு மேல் வரும். இந்த நிலையில் கையில் போடும் டைக்கு மெட்ஃபார்மினைக்கூட நிறுத்தத் தேவையில்லை. திறன் 30-க்குக் கீழே இருப்பவருக்கும், திடீர் சிறுநீரகப் பாதிப்பு வந்தவருக்கும்தான் அந்த 48 மணி நேரம் கட்டாயம். மையத்தில் கேட்டுக்கொண்டால் அதை மட்டும் நிறுத்துங்கள், சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டில் எந்த மாத்திரை என்று பெயர் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அதில் கூச்சம் வேண்டாம்.

அடுத்து 88,000. ஐந்து மாதத்துக்கு முன் போட்ட டையை இதற்குக் குற்றம் சொல்ல முடியாது. டையால் தட்டணு எண்ணிக்கை சரிவது மிக மிக அரிது; மருத்துவ இதழ்களில் தனித்தனி நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளாகத்தான் வந்திருக்கிறது. அப்படி வந்தவர்களுக்கும் சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் சரிந்து, சில நாளில் ஏறிவிட்டது. ஆஞ்சியோவுக்குப் பின் தட்டணு குறைந்தால் அனுபவமுள்ள மருத்துவர் முதலில் சந்தேகப்படுவது ஹெப்பாரினை. சிலருக்கு அது போட்ட 5 முதல் 10 நாளில் எண்ணிக்கையை முன்பிருந்ததில் பாதி அளவுக்கும் கீழே இறக்கும். ரத்தம் கசியாமல், எதிர்மாறாக, ரத்தக் கட்டிகளை உண்டாக்கும் குணம் கொண்டது. ஸ்டென்ட் நேரத்தில் சிலருக்குப் போடும் டிரோஃபிபன் போன்ற ஊசிகள் சில மணி நேரத்திலேயே சரித்துவிடும். இவை எல்லாவற்றின் காலமும் அப்பாவுக்கு எப்போதோ கடந்துவிட்டது.

அப்படியானால் 88,000 எங்கிருந்து வந்தது? தட்டணு எண்ண ரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குப்பியில் இ.டி.டி.ஏ. என்ற பொடி இருக்கும். சிலருடைய ரத்தத்தில் அந்தப் பொடி பட்டதும் தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். எண்ணும் இயந்திரம் ஒரு கொத்தை ஒரு தட்டணுவாகக்கூட எண்ணாமல், வெள்ளணு என்று நினைத்துத் தள்ளிவிடும். உடம்புக்குள் தட்டணு பத்திரமாக இருக்கும், குப்பிக்குள்தான் குறை. ஊசி சரியாக ஏறாமல் இழுத்து இழுத்து எடுத்த ரத்தத்திலும், குப்பியை மெதுவாக எட்டுப் பத்துத் தடவை கவிழ்த்துக் கலக்காமல் விட்டாலும் இதே மாதிரி பொய்க் கணக்கு வரும்.

சரிபார்க்கும் முறை எளிது; பரிசோதனைக் கூடத்தில் இரண்டு வாக்கியத்தில் கேட்டுவிடலாம். "ஸ்மியர் போட்டு மைக்ராஸ்கோப்பில் கொத்து இருக்கிறதா பாருங்கள். நீல மூடி சிட்ரேட் குப்பியிலும் எடுத்து எண்ணுங்கள்." சிட்ரேட் குப்பியில் திரவம் ஒரு பங்கு, ரத்தம் ஒன்பது பங்கு. அதனால் வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்க வேண்டும். 1,80,000 வந்தால் உண்மைக் கணக்கு 1,98,000. நீல மூடிக் குப்பியில் கோடு வரை சரியாக நிரப்ப வேண்டும். குறைவாக நிரப்பினால் இந்தப் பெருக்கலும் தப்பும். ரத்தம் எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் எண்ணிவிட்டால் நல்லது. அட்டாக் நேரத்தில் 2.3 லட்சம் சரியாக வந்ததே என்று கேட்கலாம். இந்த ஒட்டும் குணம் இடையில் புதிதாகவும் தோன்றும், நோய் அல்ல. சிட்ரேட் குப்பியிலும் குறைவாகவே வந்தால்தான் உண்மையான குறைவு. அப்போது மாத்திரை, ஈரல், வைரஸ் காய்ச்சல் என்று காரணம் தேட ரத்த மருத்துவரைப் பார்க்க வேண்டும்; இதய மருத்துவருக்கும் அன்றைக்கே அந்த எண் தெரிய வேண்டும்.

உண்மையாகவே 88,000 என்றாலும் சி.டி. டைக்கு அது தடையல்ல. டெங்குவில் இதைவிடக் குறைந்த எண்ணிக்கை உள்ளவர்களுக்கும் தேவைப்பட்டால் டை போட்டு ஸ்கேன் எடுக்கிறோம். ஊசி குத்திய இடத்தை அதிக நேரம் அழுத்துவது ஒன்றுதான் வித்தியாசம். பப்பாளி இலைச் சாறு அரைத்துக் கொடுக்கும் வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். கூடத்தில் எண்ணியது தப்பா சரியா என்று தெரியும் முன் எதைக் கொடுத்தும் பயனில்லை. மஞ்சள் விளையும் வீடு என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: குழம்பில் போடும் மஞ்சளால் எதுவும் ஆகாது. குர்குமின் என்று கேப்ஸ்யூலாக வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தால் மட்டும் இதய மருத்துவரிடம் சொல்லுங்கள். முதுகு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபூபுரூஃபன் வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் அதை இன்றே விட வேண்டும். அது வயிற்றில் ரத்தம் கசிய வைக்கும். டையோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் சுமை. ஐபூபுரூஃபன் ஆஸ்பிரினின் வேலையையே தடுக்கும். வலிக்குப் பாரசிட்டமால் போதும்.

எம்.ஆர்.ஐ. பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் போடுவது கடோலினியம் கலந்த மருந்து. 60 கிலோ ஆளுக்கு 12 மில்லி அளவுதான், சில வகைகளில் இன்னும் குறைவு. அந்த அளவில் தட்டணுவுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஸ்டென்ட் இருப்பதும் எம்.ஆர்.ஐ.க்குத் தடையல்ல. ஆனால் சிறுநீரகம், சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பை மூன்றையும் ஒரே மூச்சில், சின்னக் கல் முதல் சின்னக் கட்டி வரை, தெளிவாகக் காட்டுவதில் சி.டி. யூரோகிராம் முன்னே நிற்கிறது. டைக்குப் பயந்து மட்டும் அதை மாற்ற வேண்டாம்.

அந்தப் பரிசோதனை ஏன் முக்கியம் என்பதையும் சொல்லியாக வேண்டும். "பிளட் தின்னர் சாப்பிடறார், அதான் ரத்தம் போகுது" என்று விட்டுவிடுவதுதான் இந்த வயதில் நடக்கும் பெரிய தவறு. இந்த மாத்திரைகள் இல்லாத காயத்தை உண்டாக்குவதில்லை. இருக்கும் காயத்தைச் சீக்கிரம் காட்டிக் கொடுக்கின்றன. 63 வயதில் வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம் போனால் சிறுநீரகத்திலோ பையிலோ கட்டி இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தவர் என்றால் இன்னும் அவசியம். கட்டியே இருந்தாலும் இந்தக் கட்டத்தில் பிடித்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

வெள்ளிக்கிழமை. முந்தின நாள் களத்தில் மஞ்சள் வேகவைக்கும் சூட்டிலோ வெயிலிலோ நிற்க விடாதீர்கள். தண்ணீர் நன்றாகக் குடிக்கட்டும்; இதயத்தின் பம்ப் பலவீனம் என்று சொல்லித் தண்ணீருக்கு அளவு வைத்திருந்தால் அந்த அளவுக்குள். சில மையங்கள் நான்கு மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்லும். அந்த நேரத்திலும் வெறும் தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்; பெரும்பாலும் சரி என்பார்கள். காலை மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரில் போட்டுக்கொள்ளட்டும். மதியம் போடும் மாத்திரை என்றால் ஸ்கேன் முடிந்து சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல. வேறு ஏதாவது ரத்தப் பரிசோதனை பாக்கி இருந்தால் டைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். டை போட்ட முதல் நான்கு மணி நேரத்தில் எடுத்த ரத்தத்தில் சில கணக்குகள் தப்பாக வரும். தட்டணு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் பரிசோதனையை அன்றைக்கு எடுக்கவே கூடாது.

ஆஞ்சியோ செய்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டு போங்கள். அன்றைக்கும் அயோடின் டைதான் போட்டார்கள், இதயத்துக்குள்ளேயே. அப்போது தடிப்பு, மூச்சிரைப்பு எதுவும் வரவில்லை என்றால் அது நல்ல செய்தி. வந்திருந்தால் டெக்னீஷியனிடமும் டாக்டரிடமும் முதல் வார்த்தையாக அதைச் சொல்ல வேண்டும்.

முழங்கை மடிப்பில் பிங்க் நிற வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் சின்னக் குழாய்) போடுவார்கள். இயந்திரம் வினாடிக்கு 2 முதல் 3 மில்லி வேகத்தில் டையைத் தள்ளும். உடம்பெல்லாம் சூடு பரவும், வாயில் உலோகச் சுவை வரும், சிறுநீர் கழிந்துவிட்டது போலத் தோன்றும். ஒரு நிமிடத்தில் போய்விடும். அது ஒவ்வாமை அல்ல. ஊசி போட்ட இடம் சுளீரென்று வலித்து வீங்கினால் உடனே குரல் கொடுக்கச் சொல்லுங்கள். மருந்து சிரைக்கு வெளியே கசிகிறது என்று பொருள். மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அந்த வீக்கத்தோடு ரத்தக்கட்டும் சேரும். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்து, துணி சுற்றிய ஐஸ் ஒத்தடம் கொடுக்க வேண்டும். விரல் மரத்தாலோ, தோல் கொப்பளித்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ அன்றைக்கே அறுவை மருத்துவர் பார்க்க வேண்டும். முதல் படம் டை இல்லாமல். அடுத்தது டை போட்டு ஒன்றரை நிமிடத்தில். கடைசிப் படம் எட்டுப் பத்து நிமிடம் கழித்து, டை சிறுநீர்க்குழாய்க்கு இறங்கியபின். இடையில் சும்மா படுத்திருக்க வேண்டியிருக்கும். அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஸ்கேன் முடிந்ததும் வென்ஃப்ளானை உடனே கழற்றாமல் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். கடுமையான ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். கழற்றியபின் பஞ்சு வைத்து ஐந்து நிமிடம், தட்டணு உண்மையாகவே குறைவு என்றால் பத்து நிமிடம், கையை நீட்டியபடி அழுத்த வேண்டும். முழங்கையை மடக்கிப் பஞ்சை இடுக்கிக்கொள்ளும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அப்படி மடக்கினால் துளை விரிந்து உள்ளே ரத்தம் கசிந்து மறுநாள் நீலம் பாரிக்கும். வீட்டில் எல்லோரும் டையைக் குறை சொல்வார்கள். ஆஞ்சியோவுக்குப் பின் மணிக்கட்டில் பலருக்கு வரும் கருநீலமும் இப்படித்தான்: தமனியில் போட்ட துளை, ஹெப்பாரின், அன்றைக்கு மொத்தமாகக் கொடுத்த பெரிய அளவு மாத்திரை மூன்றும் சேர்ந்த விளைவு. அதில் டைக்குப் பங்கில்லை.

வீட்டுக்கு வந்து ஒன்று முதல் மூன்று நாளுக்குள் சிலருக்கு உடம்பில் சிவப்புத் தடிப்பு வரும். தட்டணு குறைந்து வரும் புள்ளியா, டையின் தாமத ஒவ்வாமையா என்று பார்க்க ஒரு கண்ணாடி டம்ளர் போதும். டம்ளரின் பக்கவாட்டை அந்த இடத்தில் அழுத்திப் பாருங்கள். சிவப்பு மறைந்தால் ஒவ்வாமைத் தடிப்பு. பெரும்பாலும் சாதாரணம், ஸ்கேன் எடுத்த மையத்துக்குச் சொல்லி மாத்திரை கேட்டுக்கொள்ளலாம். கொப்புளமோ, வாய்ப்புண்ணோ, காய்ச்சலோ சேர்ந்து வந்தால் காத்திருக்காமல் நேரில் காட்டுங்கள். அழுத்தியும் மறையாத, குண்டூசித் தலை அளவு சிவப்புப் புள்ளிகள், குறிப்பாகக் காலில் என்றால், அன்றைக்கே தட்டணு எண்ண வேண்டும். ஈறில் ரத்தம், கறுப்பு மலம் என்றாலும் அப்படியே. சிறுநீரில் கட்டி கட்டியாக ரத்தம் போய்ச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் இரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். நெஞ்சு வலி, வியர்வை, மூச்சுத் திணறல் என்றால் 108.

ஸ்கேனில் ஏதாவது தெரிந்து யூராலஜி டாக்டர் அடுத்த கட்டத்துக்குப் போகச் சொன்னால், மாத்திரையைப் பற்றிய கேள்வி அப்போதுதான் நிஜமாக எழும். மெல்லிய கேமராவை விட்டுப் பையைப் பார்ப்பதற்குப் பொதுவாக எதையும் நிறுத்த மாட்டார்கள். வெட்டி எடுக்க வேண்டியிருந்தால் குளோபிடோக்ரெல்லை ஐந்து நாள் முன்னால் நிறுத்தி ஆஸ்பிரினைத் தொடர்வதா, கொஞ்சம் காலம் தள்ளிப் போடுவதா என்று யூராலஜி டாக்டரும் இதய மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டும். இருவரும் ஒரே ஊரில் இல்லாவிட்டால் ஒருவர் எழுதித் தந்த சீட்டை இன்னொருவரிடம் நீங்கள்தான் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். வாய்ச் செய்தியாகச் சொல்லாதீர்கள். நீல மூடிக் குப்பியின் கணக்கு வந்ததும் அந்த எண்ணையும் அதே சீட்டில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.